கேட்டவர் நீங்கள், தீர்ப்பு எங்கள் தலையில்

கேள்வி: தொண்ணூறுகளில் வந்த 'மக்கரேனா', 'பார்பி கேர்ள்' இரண்டில், ஒரே பாட்டோடு ஓய்ந்துபோனவர்களின் பாட்டு எது? எனக்கும் என் மைத்துனருக்கும் ஓயாத வாதம்.
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: 'மக்கரேனா'தான். 1960களிலிருந்தே ஸ்பெயினில் பாடிவந்த லாஸ் டெல் ரியோ இரட்டையர் 1993இல் வெளியிட்ட அந்தப் பாட்டு, புது மெட்டுக்கலவையோடு 1996இல் அமெரிக்கப் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தபோது, இருவரும் ஐம்பதை நெருங்கியிருந்தார்கள். அதன் பிறகு அவர்களுடைய வேறெந்தப் பாட்டும் உலகெங்கும் அப்படி ஒலிக்கவில்லை. 'பார்பி கேர்ள்' பாடிய அக்வா குழுவோ, 1997, 98இல் பிரிட்டனில் மட்டும் மூன்று பாடல்களை முதலிடத்தில் ஏற்றியது. அவர்களை இந்தக் கணக்கில் சேர்ப்பது அநியாயம்.

ஆனால், இராயபுரத்தில் நாங்கள் பாட்டுப் பதியக் கொடுத்த கேசட் கடைக்காரருக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. 60 நிமிட நாடாவில் இரண்டையும் அடுத்தடுத்துப் பதிந்து, அட்டையில் நீலப் பேனாவால் 'மக்ரீனா', 'பார்ப்பி' என்று எழுதித் தந்தார். அதிகம் தேய்ந்தது, உண்மையைச் சொன்னால், 'பார்ப்பி' இருந்த இடம்தான்.