நிறுத்தும் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டுப் பழுதுகளையும் மரவேலையையும் பற்றித் தாங்கள் எழுதுபவற்றைத் தொடர்ந்து படித்துவருகிறேன். ஓராண்டுக்கு முன் பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடியேறினோம். அலுவலகம் முடிந்து வந்தபின் கிடைக்கும் ஒரு மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமை முற்பகலும்தான் எனக்கென்று உள்ள நேரம். சமையலறைச் சுவரில் உப்பி உதிர்ந்த பூச்சைக் கொத்தி எடுக்கத் தொடங்கினேன். பாதிச் சுவர் செங்கல் தெரிய நிற்கிறது. புத்தக அலமாரிக்கு வாங்கிய தேக்குப் பலகைகள் கூடத்தில் சுவரோரம் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றில் இரண்டை ஒரு பக்கம் மட்டும் இழைத்திருக்கிறேன். வேகம் குறைந்த மேசை விசிறியைக் கழற்றி மூன்று வாரமாகிறது. அதன் உறுப்புகள் உணவு மேசையை அடைத்துக்கொண்டிருப்பதால் மகள் தரையில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். மழை தொடங்கியதிலிருந்து குளியலறைக் கதவும் இறுகிவிட்டது. அதையும் இழைத்துவிடு என்கிறார் கணவர். இத்தனை வேலைகளுக்கு நேரத்தை எப்படிப் பங்கிடுவது? அல்லது ஒன்று முடியும்வரை மற்றதைத் தொடவே கூடாதா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை எளிது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்றை முடித்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும் என்ற விதி வீட்டு வேலைகளில் நடைமுறைக்கு ஒத்துவராது. சிமென்ட் பூச்சு பூசினால் ஏழு நாளாவது அதை ஈரமாக வைத்திருக்க வேண்டும். அதன்பின் நன்றாக உலர்ந்து வண்ணம் பூசத் தகுதியாவதற்கு ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். மரப்பசை இறுக்கிய மூட்டு முழு வலிமை பெற 24 மணி நேரம் ஆகும். வார்னிஷ் ஒவ்வொரு பூச்சுக்கும் இடைவெளி கேட்கும். இந்தக் காத்திருப்புகள் இருப்பதால்தான் ஒரே வீட்டில் மூன்று நான்கு வேலைகள் ஒருசேர நடக்க முடிகிறது. ஆகவே பல வேலைகளைத் தொடங்கியதற்காகத் தாங்கள் வருந்த வேண்டியதில்லை.

நேரப் பங்கீட்டைப் பற்றிய முதல் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தாங்கள் நேரக் குறைவைச் சொல்கிறீர்கள். எனக்கோ, தாங்கள் தொடங்கிய மூன்று வேலைகளும் நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தப்பட்டிருப்பதுதான் கண்ணில் படுகிறது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்பது குறைவான நேரமன்று. அந்த ஒரு மணி நேரத்தின் முடிவில் வேலையை எந்த நிலையில் விட்டுவிட்டு எழுந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தே மறுநாள் மணி நமக்குக் கிடைப்பதும் வீணாவதும் அமைகிறது.

இதை எனக்குக் கற்றுத்தந்தது ஒரு பலகை. பல ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழ 30 செ.மீ. அகலமுள்ள பலகை ஒன்றின் ஒரு பக்கத்தை இரவில் இழைத்து முடித்தேன். இரும்பு ஸ்கேலை அதன் குறுக்கே நிறுத்தி, விளக்கை அதற்குப் பின்னால் பிடித்துப் பார்த்தபோது ஒளி எங்கும் கசியவில்லை. அந்த நிறைவோடு, இழைத்த பக்கம் மேலே இருக்கும்படி பலகையைப் பணிமேசைமீது படுக்க வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் அதே ஸ்கேலை அதே இடத்தில் வைத்தேன். ஸ்கேல் பலகையின் இரு விளிம்புகளில் மட்டும் தொட்டு நின்றது. நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று நீளமாகத் தெரிந்தது. உளிக்கோ இழைப்புளிக்கோ இதில் பங்கில்லை. பழைய மேற்பரப்பைச் சீவியதும் உள்ளே இருந்த சற்று ஈரமான மரம் காற்றுக்கு வெளிப்பட்டது. மேல் பக்கம் இரவு முழுதும் உலர்ந்து சுருங்கியது. அடிப்பக்கமோ மேசையோடு ஒட்டிக் கிடந்ததால் உலரவில்லை. அதனால் விளிம்புகள் மேல்நோக்கி எழும்பிவிட்டன. இழைப்பதை இரண்டு பக்கமும் ஒரே அமர்வில் முடித்து, இரண்டு பக்கமும் சமமாகக் காற்றுப் படும்படி நிறுத்தி வைத்திருந்தால் அந்த அளவுக்கு வளைந்திருக்காது. ஒரு மணி நேரம்தான் இருக்கிறதென்றால் பாதிப் பலகைகளை இரு பக்கமும் இழைக்கலாம். எல்லாப் பலகைகளையும் ஒரு பக்கம் மட்டும் இழைக்கலாகாது.

தங்களுடைய இரண்டு பலகைகளும் இப்போது இந்த நிலையில்தான் இருக்கும். அவை கெட்டுவிடவில்லை, சற்றுக் கனம் குறையுமே தவிர மீண்டும் மட்டமாக்கிக்கொள்ளலாம். அவற்றைச் சாய்த்து வைப்பதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். அடுக்கும் முறையைக் கடிதத்தின் முடிவில் எழுதுகிறேன்.

அலமாரி வேலையின் மற்றப் படிகளுக்கும் இதே கணக்கு உண்டு. ஒரு சட்டத்தின் முனையில் நீட்டி வெட்டும் நாக்கையும் அது செருகும் குழியையும் ஒரே மாலையில் வெட்டிப் பொருத்திப் பார்த்துவிட வேண்டும். நாக்கை இன்று வெட்டிக் குழியை அடுத்த வாரம் வெட்டினால், இடையில் நம் கையின் அளவும் மாறும், மரமும் சற்று மாறியிருக்கும். பசை தடவும் நாளைத் தனியாக ஒதுக்குங்கள். முந்தைய நாள் மாலையில் பசையில்லாமல் முழு அலமாரியையும் சேர்த்து, இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகளை மாட்டி, மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, எந்த வரிசையில் கழற்றினோமோ அதே வரிசையில் துண்டுகளைத் தரையில் பரப்பி வைத்துவிட்டு எழுந்திருங்கள். வெள்ளைப் பசையைத் தடவியபின் மூட்டைச் சேர்ப்பதற்குப் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நிமிடமே கிடைக்கும். அந்த நிமிடங்களில் கிளாம்பைத் தேட நேர்ந்தால் மூட்டு கோணலாகவே இறுகிவிடும். இரவு முழுதும் இறுகட்டும் என்று பசையிட்ட மூட்டோடு ஒரு நாளை முடிப்பதுபோல நல்ல நிறுத்தம் வேறில்லை. நாம் உறங்கும்போது அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

உளியைத் தீட்டுவதையும் வேலையின் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள் என்பேன். பலரும் தொடக்கத்தில் தீட்டுகிறார்கள். அலுவலகத்திலிருந்து களைத்து வந்தவருக்குச் சாணைக்கல்லோடு தொடங்குவது பெரிய தடை. உளியின் சரிவு 25 பாகையில் இருந்தால், அதன் முனையை மட்டும் 30 பாகையில் நாலைந்து முறை தேய்த்தாலே கூர் திரும்பிவிடும். இரண்டு நிமிட வேலை. மறுநாள் கையில் எடுத்ததும் வெட்டுகிற உளி, அந்த நாளின் முதல் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தித் தரும்.

இன்னொரு சிறிய பழக்கமும் உண்டு. எழுந்திருக்கும் முன் ஒரு தாளில் அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு செயலை எழுதி வேலையின்மீதே வைத்துவிடுங்கள். ‘அலமாரி வேலை’ என்று எழுதினால் பயனில்லை. ‘இடப்பக்கச் சட்டத்தின் கீழ்க் குழியை இன்னும் 2 மி.மீ. ஆழமாக்க வேண்டும்’ என்று எழுத வேண்டும். நான்கு நாள் கழித்து வந்தாலும் நின்ற இடம் தெரியும். எங்கே விட்டோம் என்று யோசித்தபடி பலகைகளைப் புரட்டிக்கொண்டே ஒரு மணி நேரம் கழிந்துபோவதை நான் பலமுறை அனுபவித்திருக்கிறேன்.

இனி விசிறி. மின்பொருள் ஒன்றைக் கழற்றும் வேலையைப் பூட்டி முடிக்கவும் சேர்த்து நேரம் இருக்கும் நாளில்தான் தொடங்க வேண்டும். திருகாணிகள் எந்தத் துளையிலிருந்து வந்தன என்பது மூன்று மணி நேரத்தில் மறக்காது. மூன்று வாரத்தில் நிச்சயம் மறந்துவிடும். ஓர் அட்டையில் விசிறியின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் அந்தந்தத் திருகாணியைக் குத்தி வைத்திருந்தால் இந்தக் கவலை எழுந்திருக்காது. இப்போது செய்யக்கூடியது இதுதான்: சுழலும் தண்டை மட்டும் அதன் இருக்கையில் பொருத்தி விரலால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் பல சுற்றுச் சுற்றினால் வேகக் குறைவுக்குப் பெரும்பாலும் மோட்டாரோடு இணைந்த கெப்பாசிட்டர் (மின்தேக்கி) வலுவிழந்ததே காரணமாக இருக்கும். அதன்மேல் அச்சிட்டுள்ள மைக்ரோபாரட் அளவே கொண்ட, வோல்டேஜ் அளவில் குறையாத புதியதை மாற்ற வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும் என்பதால் அதன் முனைகளை விரலால் தொடக்கூடாது. தண்டு இறுக்கமாகச் சுற்றினால் பழைய பிசுக்கைத் துடைத்துவிட்டு மெல்லிய இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும். சமையல் எண்ணெய் வேண்டாம். அது நாளடைவில் பிசினாகிவிடும்.

சுவர் விஷயத்தில் நீண்ட யோசனை தேவைப்படுகிறது. பூச்சு உப்பியதென்றால் உள்ளே தண்ணீர் நடமாடுகிறது என்று பொருள். தண்ணீர் செங்கல்லிலும் காரையிலும் உள்ள உப்புகளைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. அது ஆவியானதும் உப்பு படிகமாகிப் பூச்சைத் தள்ளுகிறது. செங்கல்மீது வெள்ளைத் தூள் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் எவ்வளவு நல்ல பூச்சைப் பூசினாலும் அதுவும் ஒரு நாள் உதிரும். உதிராத பூச்சின்மீது ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுவையுங்கள். தாளுக்கும் சுவருக்கும் இடையே நீர் முத்துக்கள் தெரிந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. சுவருக்குள் செல்லும் குழாயையும் தொட்டியின் இணைப்பையும் சுவரின் மறுபக்கத்தையும் ஆராய வேண்டும். தாளின் வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது சமையலின் நீராவி; காற்றோட்டத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். விடை தெரியும்வரை சுவரை அப்படியே விடலாம். ஆனால் கொத்துவதை மேடும் பள்ளமுமாக விட்டுவிடாமல், உறுதியான பழைய பூச்சு தொடங்கும் இடத்தில் நேர்கோடு கிழித்து, அந்தக் கோட்டின்மேல் உளி வைத்து விளிம்பை நேராக வெட்டி நிறுத்துங்கள். புதுப் பூச்சும் பழைய பூச்சும் சேரும் இடத்தில் பின்னாளில் வெடிப்பு தோன்றாமல் இருக்க அது உதவும். சுவர் வேலை அவ்வாறு நிற்பதில் தவறே இல்லை.

ஒரே வீட்டில் நடக்கும் வேலைகளுக்குள் பகையும் உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பூச்சு வேலை வாரக்கணக்கில் அறைக்குள் ஈரத்தை விடும். அந்த ஈரத்தை மரம் குடிக்கும். மரத்தூள் வார்னிஷில் ஒட்டும்; கழற்றிய விசிறியின் தண்டில் அப்பிக்கொள்ளும். ஆகவே தண்ணீர் வேலை, தூசி வேலை, வார்னிஷ் மெருகு வேலை ஆகிய மூன்றில் ஒன்றுதான் ஒரு வாரத்தில் ஒரே அறையில் நடக்கலாம். தூசியை நான் இன்னும் கடுமையாகப் பார்க்கிறேன். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வகைப்படுத்தியது. உப்புத்தாள் போடும்போது முகக்கவசம் அணிவதும், மகள் புழங்கும் கூடத்தில் அந்த வேலையைச் செய்யாமலிருப்பதும், துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பதும் விருப்பத்துக்கு விடக்கூடிய காரியங்கள் அல்ல. அலமாரிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவீர்களானால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு ஒருபோதும் எழுந்திருக்காதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது வெப்பத்தை வெளிவிடும். சுருட்டிய துணிக்குள் வெப்பம் தேங்கித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியே தனித்தனியாக விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த மூடியுள்ள தகரத்தில் போட்டு வையுங்கள். தவறான நிறுத்தங்களுள் மிகக் கொடியது இதுதான்.

குளியலறைக் கதவை இப்போது இழைக்க வேண்டாம் என்று தங்கள் கணவரிடம் சொல்லுங்கள். மரம் நீளவாக்கில் பெரிதாக அசைவதில்லை. அகலவாக்கில் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கும். முழு ஈரத்திலிருந்து முழு உலர்வுக்கு வரும்போது தேக்கு, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில், ஏறத்தாழ 6 விழுக்காடு சுருங்கும்; ஐரோப்பாவில் வளரும் பீச் (beech) மரமோ ஏறத்தாழ 12 விழுக்காடு. அடக்கமான மரம் என்று பெயர் பெற்ற தேக்கிலேயே, 30 செ.மீ. அகலப் பலகையின் ஈரம் நான்கு விழுக்காடு கூடினால் அது இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விரியக்கூடும். ஈரக் காலத்தில் கதவு இறுகுவதற்கு அது போதும். இப்போது இழைத்தால் வறண்ட காலத்தில் இடுக்கு விழும். கீலின் திருகாணிகள் தளர்ந்து கதவு தொங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து, தளர்ந்திருந்தால் முடுக்குங்கள். வறண்ட காலம் வந்ததும் கதவைக் கழற்றி மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தடவிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அவ்விரண்டும் வண்ணம் காணாத வெறும் மரமாகவே இருக்கும். ஈரம் அவற்றின் வழியாகத்தான் அதிகம் ஏறுகிறது. அவற்றை அடைத்து வண்ணம் பூசிய பிறகும் அடுத்த ஈரக் காலத்தில் கதவு இறுகினால், அப்போது உரசும் இடத்தை மட்டும் இழைக்கலாம்.

வரிசை கேட்டால் இப்படிச் சொல்வேன். வரும் ஞாயிற்றுக்கிழமை விசிறியைப் பூட்டி முடித்து, மேசையைத் துடைத்து மகளிடம் கொடுத்துவிடுங்கள். அன்று மாலையே பிளாஸ்டிக் தாளைச் சுவரில் ஒட்டிவிடலாம். சுவரின் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து, பூச்சும் முடிந்து, அது உலரும்வரை பலகைகள் சமையலறைக்கு எட்டாத உலர்ந்த அறையில் காத்திருக்கட்டும். அவை அந்த வீட்டுக் காற்றுக்குப் பழகிக்கொள்ளவும் சில வாரங்கள் வேண்டும். தரையில் ஒரே கனமுள்ள ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வைத்து, அவற்றின்மேல் பலகையைப் படுக்க வைத்து, அடுத்த பலகைக்கு முன் மீண்டும் துண்டுகளை வையுங்கள். மேல் வரிசைத் துண்டுகள் கீழ் வரிசைத் துண்டுகளுக்கு நேர் மேலே அமைய வேண்டும்; இடம் மாறினால் மேலிருக்கும் எடை இடைவெளியில் இறங்கிப் பலகை வளையும். தாங்கள் ஏற்கெனவே இழைத்த இரண்டையும் அடுக்கின் அடியில் வையுங்கள்.

அன்புடன்.