குளிர்கால வேட்டைக்கும் மலை நடைக்கும் எடை குறைந்த ஒரே ஜாக்கெட் போதுமா? உள்ளே அடைப்பதற்குத் தூவி (வாத்து இறகுப் பஞ்சு) நல்லதா, செயற்கை இழை நல்லதா?

ஒரே ஜாக்கெட் போதும். ஆனால் நடக்கும்போது போட்டுக்கொள்ள என்று நினைத்து வாங்காதீர்கள். நின்ற பிறகு போட்டுக்கொள்ள வாங்குங்கள். இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏற ஒரு முழுக் குளிர்காலம் ஆனது.

எனக்குத் துப்பாக்கி பழக்கமில்லை, நடக்கத்தான் பிடிக்கும். உரிமம் வாங்கி மான் வேட்டைக்குப் போகும் நண்பர் ஒருவருக்குச் சுமை தூக்கத் துணையாகப் போய்ப் பழகியவன். முதல் தடவை விடியுமுன் கிளம்பும்போது விறைக்கிறதே என்று புதுத் தூவி ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டே ஏற ஆரம்பித்தேன். இருபது நிமிடத்தில் முதுகெல்லாம் வியர்வை. நின்று கழற்றச் சோம்பல். மேலே போய் மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்ததும் அந்த ஈரம் தன் வேலையைக் காட்டியது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்று பள்ளியில் படித்தது அன்றைக்குத்தான் உறைத்தது. பல் கிட்டிப்போய், ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் நண்பரையும் கீழே இறங்க வைத்தேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது கிளம்பும்போது லேசாகக் குளிரும்படிதான் கிளம்புகிறேன். உள்ளே மெரினோ கம்பளி பனியன், அதன் மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய சட்டை, அவ்வளவுதான். ஜாக்கெட் முதுகுப்பையில் மேலாக இருக்கும். நின்ற உடனே, உடம்புச் சூடு குறையுமுன் எடுத்துப் போட்டுவிடுவேன்.

சரி, தூவியா இழையா என்ற கேள்விக்கு வருகிறேன். அன்னத்தூவி என்று பழைய பாட்டுகளில் வருமே, அந்த வகைதான் இது. வாத்து, பெருவாத்து இவற்றின் மேல் இறகுக்கு அடியில் இருக்கும் பஞ்சு. எடைக்கு எடை பார்த்தால் இதை மிஞ்சும் சூடு இன்னும் வரவில்லை. லேபிளில் ஃபில் பவர் 650, 800 என்று போட்டிருப்பார்கள். ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் தூவி எத்தனை கன அங்குலத்துக்கு உப்பும் என்பதுதான் அந்த எண். பலரும் ஏமாறுவது இங்கேதான். அது தூவியின் தரத்தை மட்டும் சொல்கிறது, உள்ளே எவ்வளவு அடைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. 800 தூவி 70 கிராம் போட்ட ஜாக்கெட்டைவிட 650 தூவி 150 கிராம் போட்டது நிச்சயம் அதிகச் சூடு தரும். எத்தனை கிராம் என்று கேட்டு வாங்குங்கள்.

தூவிக்கு எதிரி ஈரம். நனைந்தால் கட்டிதட்டி உப்பல் போய்விடும், காயவும் நாளாகும். நீர் ஒட்டாதபடி பதப்படுத்திய தூவி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், கொட்டும் மழைக்கு அதுவும் பத்தாது. இதற்கு மாற்றாகத்தான் 1980களில் அமெரிக்க ராணுவத்துக்காக ப்ரைமாலாஃப்ட் மாதிரியான செயற்கை இழை உருவானது. ஈரத்திலும் ஓரளவு சூடு நிற்கும், சீக்கிரம் உலரும். அதே சூட்டுக்கு எடை கொஞ்சம் கூடும், அடிக்கடி சுருட்டித் திணித்தால் தூவியைவிடச் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

தூவி ஜாக்கெட்டின் கதையே ஒரு ஈரக் கதைதான். 1930களில் எடி பாவர் என்ற அமெரிக்கர் குளிர்காலத்தில் மீன் பிடிக்கப் போய், போட்டிருந்த கம்பளி நனைந்து, உடல் விறைத்துச் சாகக் கிடந்தார். அதற்கப்புறம்தான் தூவி வைத்துத் தைத்த ஜாக்கெட்டை உருவாக்கி 1940இல் காப்புரிமை வாங்கினார்.

உங்களுக்கு வேட்டையும் உண்டு என்பதால் என் ஓட்டு செயற்கை இழைக்கு. புதர் ஈரம், தூறல், வியர்வை எல்லாம் வேட்டையில்தான் அதிகம். உறைபனியில் வறண்ட மலை நடை மட்டும் என்றால் தூவி என்றிருப்பேன்.

நடப்பவர்கள் யோசிக்காத ஒன்று, சத்தம். எடை குறைந்த ஜாக்கெட்டின் மேல்துணி மெல்லிய நைலான். கையை அசைத்தால் சரசரவென்று கேட்கும், மானுக்கு அது போதும். வாங்குமுன் கையைக் காதருகே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். சத்தம் வந்தால் மேலே ஒரு ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கைத் துணி) சட்டை போட்டுச் சமாளிக்கலாம். நிறத்தைப் பொறுத்தவரை நீலம் வேண்டாம். மானின் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் பளிச்சென்று தெரியாது, நீலம் நன்றாகத் தெரியும். பல இடங்களில் வேட்டைக் காலத்தில் பளீர் ஆரஞ்சு சட்டப்படி கட்டாயம். அது மானுக்காக இல்லை, எதிரில் துப்பாக்கியோடு வருகிற மனிதருக்காக.

அளவு பார்க்கும்போது உள்ளே போடுவதையெல்லாம் போட்டுக்கொண்டு, குறி பார்ப்பதுபோல் இரண்டு கையையும் தூக்குங்கள். இடுப்பு வெளியே தெரிந்தால் அது சின்னது. வில் எடுப்பவர் என்றால் மார்பும் கையும் உப்பலாக இருக்கக் கூடாது, நாண் சிக்கும். ஜாக்கெட்டின் பாக்கெட், முதுகுப்பையின் இடுப்புப் பட்டைக்கு மேலே இருக்கட்டும். தலைமூடி நடைக்கு அருமை, வேட்டையில் காதை அடைத்துவிடும். அங்கே குல்லாதான் சரி.

வீட்டில் சுருட்டி வைக்காமல் தொங்கவிடுங்கள். தீமூட்டும் இடத்தில் தள்ளியே உட்காருங்கள், ஒரு பொறி பட்டால் நைலானில் ஓட்டை. என்னுடைய அந்த முதல் ஜாக்கெட்டின் இடது கையில் மூன்று ஒட்டுப் போட்டிருக்கிறேன். வறண்ட குளிரில் கூடாரம் போட்டுத் தங்கும் இரவுகளுக்கு இன்னும் அதைத்தான் எடுத்துப் போகிறேன்.