ஊரில் உள்ள குடும்ப வீட்டில் பங்கு இருந்தால் இங்கிலாந்தில் ஹவுசிங் பெனிபிட் எடுக்கலாமா?

கேள்வி: லண்டனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். வேலை குறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் அம்மா எழுதிவைத்த வீட்டில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. வாடகைக்கு உதவி கேட்கலாமா? பங்கைத் தம்பியின் பெயருக்கு எழுதிவிட்டுக் கேள் என்கிறார்கள். அது சரியா?

பதில்:

எழுதிவிட்டுக் கேள் என்று சொன்னவருடைய தொலைபேசி எண்ணை முதலில் அழித்துவிடுங்கள். மிச்சத்தைப் பிறகு கதைப்போம்.

நான் வக்கீல் இல்லை. பெற்றோல் நிலையத்தில் பத்துப் பன்னிரண்டு வருடம் இரவு வேலை செய்தவன். ஆனால் நீங்கள் கேட்ட இதே விஷயத்தில் மாட்டுப்பட்டு, சொல்வது சாட்சியமாகலாம் என்று எச்சரிக்கை வாசித்து, ஒலிப்பதிவு செய்யும் விசாரணை வரை போய் வந்தவன். அதனால் எழுதுகிறேன். 'பெனிபிட் எடுக்கிற ஆள் புத்தி சொல்ல வந்துவிட்டார்' என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதுகெலும்புத் தட்டு விலகும் வரை ஒரு பென்னி கேட்டவன் இல்லை நான். வரி கட்டிய காலம் நீளம், உதவி எடுத்த காலம் கொஞ்சம். அதற்கு மேல் உங்களுக்குக் கணக்குக் காட்ட எனக்கு நேரமில்லை.

2014இல் முதுகு போனது. வேலை நேரத்தைப் பாதியாக்கினார்கள். இரண்டு பிள்ளைகள், இரண்டு அறை வீடு. கவுன்சிலில், அதாவது உள்ளூர் நிர்வாக சபையில், வாடகை உதவியான ஹவுசிங் பெனிபிட்டுக்கு விண்ணப்பித்தேன். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: உங்களுக்கோ உங்கள் துணைக்கோ இந்த நாட்டிலோ வெளிநாட்டிலோ வீடு, காணி ஏதாவது சொந்தமாக உண்டா? நான் 'இல்லை' என்ற பெட்டியில் சரி போட்டேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று போடவில்லை. இதை யார் நம்புகிறார்கள், நம்பவில்லை என்பது வேறு. எங்களுடைய வீடு நாலு பரப்பு (பரப்பு என்பது எங்கள் ஊர்க் காணி அளவு) வளவில் ஒரு பழைய ஓட்டு வீடு. அம்மா 2003இல், சமாதான காலத்தில், பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போய் மூன்று பிள்ளைகளுக்கும் நன்கொடை உறுதி (சொத்துப் பத்திரம்) எழுதினா. சாகும்வரை தான் அனுபவிக்கும் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு, பிரிக்காமல் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. 2009இல் அம்மா போய்விட்டா. அக்கா அந்த வீட்டில்தான் பிறந்ததிலிருந்து இருக்கிறா, கலியாணம் செய்யவில்லை. தம்பி கனடாவில். எனக்கு அது அம்மாவின் வீடு, பிறகு அக்காவின் வீடு. அதில் 'என்னுடையது' என்று ஒரு துண்டு இருக்கிறது என்பது அலுமாரிக்குள் கிடக்கிற கடதாசியில் மட்டும் உள்ள சங்கதி. நம் ஆட்களில் பாதிப்பேர் இப்படித்தான் நினைக்கிறோம். கவுன்சில் அப்படி நினைக்காது. உறுதியில் பெயர் இருந்தால் உங்களுக்குச் சொத்து இருக்கிறது. அவ்வளவுதான்.

2015இல் மறுபரிசீலனைக் கடிதம் வந்தது, மூன்று மாத வங்கிக் கணக்கைக் கொண்டு வா என்று. அதில் அக்காவுக்கு அனுப்பிய 650 பவுண்ட் இருந்தது. மாரி தொடங்க முன் ஓடு மாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தா. கவுண்டரில் இருந்த பிள்ளை இது என்ன என்று கேட்டது. நான் வெகுளியாக, 'எங்களுடைய வீட்டுக் கூரைக்கு' என்றேன். எங்களுடைய வீடு! அந்த ஒரு சொல்லோடு அடுத்த வாரமே உதவியை நிறுத்திவிட்டார்கள்.

விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துத் தந்தார்கள். நல்ல மனிசன், தமிழ்நாட்டுக்காரர், என்னைச் சார் சார் என்றுதான் கூப்பிட்டார். 'வீட்டில் எனக்கு மூன்றில் ஒரு பங்கு' என்றேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சொன்ன ஆங்கிலத்தில் வீடு காணாமல் போய், பங்கு மட்டும் மிஞ்சியது. அதிகாரி நிமிர்ந்து பார்த்து, எந்தக் கம்பனியின் பங்குகள் என்று கேட்டார். ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. நானே எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் குறுக்கே விழுந்து, கம்பனி இல்லை, கல்வீடு, கோழி, கிணறு என்று விளக்கினேன். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குக் கை நடுங்கியது. (இந்த மொழிபெயர்ப்பு விஷயத்தில் எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. தமிழ் என்று போட்டால் தமிழ்தான், ஆனால் 'வளவு', 'உறுதி', 'சீதனம்' எல்லாம் என்னவென்று தெரியாத ஒருவரை அனுப்பிவிட்டு, அந்தப் பதிவை வைத்து ஒருவனைக் கள்ளன் என்று எழுதலாமா? ஆஸ்பத்திரியிலும் இதே கதை. 'அந்தரமாக இருக்கிறது' என்று என் மனைவி சொன்னதை என்னவென்று மொழிபெயர்த்தார்களோ, அவவுக்கு மனநோய் மாத்திரை எழுதித் தந்துவிட்டார்கள். சரி, அது வேறு கதை.)

இப்போது கவுன்சில் போட்ட கணக்கைப் பாருங்கள். யாரோ ஒரு அதிகாரி இணையத்தில் யாழ்ப்பாணக் காணி விளம்பரம் தேடியிருக்கிறார். நல்லூர்ப் பக்கம் ஒரு பரப்பு 25 இலட்சம் என்று ஒரு தரகர் போட்டிருந்தார். எங்கள் ஊருக்கும் நல்லூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடாது. நாலு பரப்பு, ஒரு கோடி. மூன்றால் வகுத்தால் 33 இலட்சத்துச் சொச்சம். பவுண்டுக்கு 200 ரூபாய் என்று போட்டால் 16,667 பவுண்ட். வேலை செய்யும் வயதில் உள்ளவருக்கு 16,000 பவுண்டுக்கு மேல் மூலதனம் (சேமிப்பு, சொத்து எல்லாம் சேர்த்து) இருந்தால் ஹவுசிங் பெனிபிட் ஒரு சதமும் கிடையாது. ஆக எனக்கு ஒன்றுமில்லை. தந்ததையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

இலவச சட்ட ஆலோசனை நிலையம் ஒன்றில் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் இருந்தா. கடிதத்தை வாசித்துவிட்டு பென்சிலால் ஒரு கோடு போட்டா. சொத்தை விற்கச் செலவு வருமென்றால் சந்தை விலையில் பத்து வீதம் கழிக்க வேண்டும், கழித்தார்களா? இல்லை. கழித்தால் என் பங்கு 15,000. ஒரே கோட்டில் நான் எல்லைக்குள் வந்துவிட்டேன். ஆனால் சந்தோஷப்பட வேண்டாம் என்றா. 6,000க்கு மேல் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் கிழமைக்கு ஒரு பவுண்ட் வருமானம் வருகிறதாகப் பாவனை பண்ணுவார்கள். 15,000 என்றால் கிழமைக்கு 36 பவுண்ட். என் கையில் வராத 36 பவுண்ட்.

அடுத்து, 25 இலட்சம் என்பது முழுக் காணியையும் வெறுமையாக விற்கிற விலை. கேட்க வேண்டியது அதுவல்ல. அக்கா உள்ளே இருக்க, பிரிக்காத மூன்றில் ஒரு பங்கை மட்டும் எவன் வாங்குவான், என்ன தருவான்? யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமையில் கூட்டு உரித்தாளிக்குத்தான் வாங்க முதல் உரிமை என்பதையும் ஊர் நொத்தாரிசு ஒருவரிடம் கடிதமாக எடுத்துக் கொடுத்தேன். அந்த ஆலோசனைப் பெண்ணுக்கு அது பிடித்துப்போய் இரண்டு தரம் வாசித்தா.

அதற்குப் பிறகுதான் கேட்டா: 'அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? வயது என்ன?' அக்காவுக்கு அப்போது 68. பென்சிலைக் கீழே வைத்துவிட்டா. ஓய்வூதிய வயதைத் தாண்டிய, அல்லது இயலாத நிலையில் உள்ள உறவினர் ஒருவர் அந்த வீட்டைத் தன் வீடாகக் கொண்டு இருந்தால், அதன் பெறுமதி கணக்கிலேயே வராது. வீடு எந்த நாட்டில் இருந்தால் என்ன, பத்துக் கோடி பெறுமதியாக இருந்தால் என்ன. பூச்சியம். இதை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்று தெரிந்தால்தானே சொல்வேன்.

அத்தாட்சி வேண்டும் என்றா. அக்கா அங்கேதான் இருக்கிறா என்று கிராம சேவையாளரின் (ஊரில் விதானையார் என்போம்) கடிதம், அடையாள அட்டைப் பிரதி. இதென்ன பெரிய வேலை என்று அன்றிரவே அக்காவுக்கு எடுத்தேன். எனக்கு இந்தப் பதிலை எழுத வைத்ததே அந்த அழைப்புத்தான்.

'அக்கா, நீங்கள் அந்த வீட்டில இருக்கிறீங்கள் எண்டு விதானையாரிட்டக் கடிதம் எடுக்கோணும். உறுதிப் பிரதியும் அனுப்புங்கோ' என்றேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன். பிறகு அக்கா மெதுவாகச் சொன்னா: 'உனக்குப் பங்கு வேணுமெண்டால் நேராக் கேளன்ரா.'

நான் எவ்வளவோ விளக்கினேன். கவுன்சில், பெனிபிட், வயது, கழிவு. அவவுக்கு விளங்கியது ஒன்றுதான்: தம்பி உறுதியைத் தேடுகிறான். போன வருடம்தான் பக்கத்து வளவுக்காரரின் மகன் ஜெர்மனியிலிருந்து வந்து இதே மாதிரிக் கடதாசி சேர்த்து, சித்தியை வீட்டைவிட்டு எழுப்பிவிட்டுக் காணியை விற்றிருக்கிறான். கடிதம் வந்தது. மூன்று கிழமையில், பதிவுத் தபாலில். உறைக்குள் நான் கேட்ட எல்லாம் ஒழுங்காக இருந்தது. கூடவே, ஓடு மாற்றின கூலிக்காரரின் கணக்குத் துண்டும், மிச்சக் காசு இவ்வளவு என்று அக்காவின் கையெழுத்தில் ஒரு வரியும். நான் கணக்குக் கேட்கவே இல்லை.

கவுன்சில் தன் முடிவை மாற்றியது. நிறுத்திய பதினொரு கிழமைக் காசையும் சேர்த்துத் தந்தார்கள். அந்தப் பங்கால் எனக்கு ஒரு சதமும் கூடுதலாகக் கிடைக்கவில்லை என்றானபடியால் தண்டமும் இல்லை. படிவத்தில் பிழையாகச் சொல்லி அதனால் கூடுதலாகக் காசு போயிருந்தால் 50 பவுண்ட் தண்டம் போடலாம், வேண்டுமென்றே மறைத்தது என்று பட்டால் நீதிமன்றம் வரைக்கும் போகலாம். நான் தப்பியது அக்காவின் வயதால். என் கெட்டித்தனத்தால் இல்லை.

இனி உங்கள் விஷயம். நீங்கள் வேலை செய்யும் வயதில் இருப்பவர் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் இப்போது புதிதாக ஹவுசிங் பெனிபிட் கேட்க ஏலாது, தற்காலிக வீட்டிலோ பராமரிப்போடு தரும் வீட்டிலோ இருந்தால் தவிர. பழைய பல உதவிகளுக்குப் பதிலாக வந்த யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைக்கான பகுதியைத்தான் கேட்க வேண்டும். எல்லை அங்கேயும் 6,000, 16,000தான். 6,000க்கு மேல் ஒவ்வொரு 250க்கும் மாதம் 4.35 பவுண்ட் கழிப்பார்கள். வயதான உறவினர் இருந்தால் வீட்டைக் கணக்கில் எடுக்காத விதி அங்கேயும் உண்டு, ஆனால் இறுக்கம் கூட. பெற்றோர், பிள்ளைகள், சகோதரம், அவர்களுடைய துணை போன்ற நெருங்கிய உறவுக்கு மட்டும். பழைய பெனிபிட்டில் அப்பாவின் சகோதரியான மாமி, அம்மாவின் தங்கையான சித்தி இருந்தாலும் செல்லும், இதில் செல்லாது. அந்த ஓய்வூதிய வயது இப்போது 66ஐத் தாண்டி 67ஐ நோக்கிப் போகிறது, உங்கள் ஆளின் பிறந்த திகதியைச் சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டிருந்தாலோ பூட்டிக் கிடந்தாலோ என் கதை உங்களுக்குப் பொருந்தாது. விற்க உண்மையாகவே முயற்சி எடுத்தால் ஆறு மாதம் பொறுப்பார்கள், தேவையென்றால் கூட்டியும் தருவார்கள். அப்புறம், உங்கள் விசாவில் பொதுநிதி (அரசு தரும் இப்படியான உதவிப் பணம்) எடுக்கக்கூடாது என்று இருந்தால் இதில் ஒன்றுமே பேச வேண்டாம், முதலில் அதைப் பாருங்கள்.

தம்பிக்கு எழுதுவது. உதவி எடுப்பதற்காகச் சொத்தைக் கைமாற்றினால், அது இன்னும் உங்களிடம் இருப்பதாகவே வைத்துக் கணக்குப் போடுவார்கள். ஆக பங்கும் போய், உதவியும் போகும். அதிலும் அந்த வீட்டில் வயதான சகோதரம் யாராவது இருந்தால், இருந்தபடி விட்டாலே கணக்கில் வராத பங்கை, உறுதி எழுதி, திகதி போட்டு, நீங்களே சந்தேகத்துக்குரியதாக ஆக்கிக் கொடுக்கிறீர்கள். இந்த யோசனை சொல்கிறவர்களில் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். இங்கே மச்சான் பெயரில் ஒரு வீடு, மாமியார் பெயரில் ஒன்று. கோயிலில் என்னைக் கண்டால் 'இப்ப கவுன்சில்தான் சாப்பாடு போடுதோ' என்று கேட்கிறவரும் அவர்தான்.

படிவத்தில் 'ஆம்' போடுங்கள். எத்தனை பேர் பங்கு, யார் உள்ளே இருக்கிறார், அவருக்கு என்ன வயது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். இடமில்லாவிட்டால் தனித்தாள் வையுங்கள். பிழையான முடிவு வந்தால் ஒரு மாதத்துக்குள் மறுபடி பார்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், அதற்கு மேல் தீர்ப்பாயம் இருக்கிறது. சிட்டிசன்ஸ் அட்வைஸில் இலவசமாகவே பார்த்துத் தருவார்கள்.

ஊரிலிருந்து கடிதம் எடுப்பதாக இருந்தால், ஏன் என்பதை முதல் சொல்லுங்கள், உறுதி என்ற சொல்லைப் பிறகு எடுங்கள். நான் மாறிச் செய்தேன். அக்கா இப்போதும் ஒவ்வொரு வருடமும் தேங்காய் விற்ற காசில் மூன்றில் ஒரு பங்கு என்று கணக்கு எழுதி வட்ஸ்அப்பில் அனுப்புகிறா. வேண்டாம் என்று எத்தனை தரம் சொல்லியும் அது நிற்கவில்லை.