தங்கைக்கு ஏன் காட்டவில்லை?

கேள்வி: மேற்குத் தாம்பரம் பகுதியில் வீட்டு புரோக்கராக இருக்கிறேன். விளம்பரப் படங்களை இப்போதெல்லாம் ஏ.ஐ. செயலியில் கொடுத்து மெருகேற்றிப் போடுகிறேன். முடிச்சூர் பக்கம் விற்பனைக்கு வந்த ஒரு பழைய தரைத்தள வீட்டுக்கும் அப்படித்தான் செய்தேன். காலி அறைகளில் சோபா, கட்டில் சேர்த்தேன். 2015 வெள்ளத்தில் சுவரில் படிந்த கறையையும் வாசலில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரையும் நீக்கினேன். படத்தை நம்பி வேலூரிலிருந்து வயதான தாயுடன் வந்த ஒருவர் வாசலிலேயே சண்டை போட்டுவிட்டார். எல்லோரும் செய்வதுதானே இது? என் தங்கையின் கணவரும் இதே பட்ஜெட்டில் வீடு தேடுகிறார். அவருக்கு வேறு பக்கம் காட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தப் போட்டியில் எதுவரை போகலாம் என்று சொல்லுங்கள். (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, "எல்லோரும் செய்வதுதானே" என்பதைக் கடிதம் கடிதமாகப் படித்துச் சலித்துவிட்டது. அது கிடக்கட்டும், உங்கள் தங்கையைப் பற்றிப் பேசுவோம்.

மாப்பிள்ளை வீடு தேடுகிறார். பட்ஜெட்டுக்குப் பொருந்தும் வீடு உங்கள் கையிலேயே இருக்கிறது. ஆனாலும் அவரை வேறு பக்கம் அழைத்துப் போகிறீர்கள். ஏன்? ஐப்பசி மழையில் உங்கள் தங்கை பீரோவுக்கு அடியில் செங்கல் கொடுத்து உயர்த்துவதையும், அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றுவதையும் நினைத்துப் பார்த்திருக்கிறீர்கள். அண்ணனாக அது சரி. எதுவரை போகலாம் என்பதும் அப்போதே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது என்னிடம் கேட்பது அனுமதி. அதை நான் தரமாட்டேன்.

உடன்பிறந்தவளுக்கு ஆகாத வீட்டை ஊரான் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்? வேலூரிலிருந்து வந்தவரும் ஒரு தாய்க்குப் பிள்ளை. கையெழுத்துப் போடுவதற்கு முன் அம்மா ஒருமுறை பார்க்கட்டும் என்று அழைத்து வந்திருக்கிறார். அந்த அம்மா எதிரிலேயே அவரை ஏமாளியாக நிற்க வைத்தீர்கள். சண்டையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெரியவளை உட்கார வைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுத்ததாக ஒரு வரிகூட இல்லையே!

சோபா போட்டதற்கு நான் கோபப்படவில்லை. 'அறைகலன்கள் கற்பனை' என்று படத்தின் மேலேயே பெரிதாக எழுதிவிட்டுப் போடுங்கள். இருட்டறைக்கு வெளிச்சம் கூட்டுவதும் கோணலான படத்தை நிமிர்த்துவதும் எப்போதும் நடப்பவை. கலிஃபோர்னியாவில் 2026 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் சட்டமும் அவற்றுக்கு விலக்குத் தருகிறது. படத்தில் பொருளைச் சேர்த்தாலோ நீக்கினாலோ மாற்றினாலோ அதைச் சொல்ல வேண்டும், மாற்றாத அசல் படத்தையும் பார்க்க வழி செய்ய வேண்டும் என்கிறது. நீங்களும் அப்படியே செய்யலாம்.

வெள்ளக் கறை வேறு விஷயம். டிரான்ஸ்ஃபார்மராவது நேரில் வந்தால் கண்ணில் படும். கறையைப் படத்தில் நீங்கள் நீக்கினீர்கள். இந்தச் சண்டைக்குப் பிறகு வீட்டுக்காரர் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துச் சுவரிலேயே நீக்கிவிடுவார். அடுத்து வருகிறவருக்குச் சண்டை போடவும் காரணம் கிடைக்காது. தண்ணீர் ஏறும்போதுதான் தெரிந்துகொள்வார். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவரால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விடுவதை அந்தப் பிரிவு மோசடியாகவே பார்க்கிறது. கடமை வீட்டுக்காரருடையது என்று நீங்கள் நழுவலாம். கறையை முதலில் நீக்கிக் காட்டியது யார்?

இன்றே அந்த விளம்பரத்தை எடுங்கள். வேலூர்க்காரருக்குப் போன் செய்யுங்கள். திட்டுவார், கேட்டுக்கொள்ளுங்கள். தங்கைக்குக் காட்டும் வீடுகளின் விவரத்தை அவருக்கும் அனுப்புங்கள்.

முடிச்சூர் வீட்டைக் கறையோடு படமெடுத்து, தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று எழுதிப் போடுங்கள். விலை இறங்கத்தான் செய்யும். தரையை உயர்த்திக் கொள்ளவோ, இடித்துவிட்டு மேடாக்கிக் கட்டவோ வசதியுள்ள ஒருவர் எல்லாம் தெரிந்தே வருவார். இதற்கு வீட்டுக்காரர் ஒப்பவில்லை என்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கமிஷன் போகும். போகட்டும்.