அது போகட்டும் என்று எழுதினீர்களே!

அம்மா,

பெங்களூரில் பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பத்து வருடத்துக்கு மேல் எச்.ஆர். ஆக இருந்தேன். போன மாதம் 'நீங்களே ராஜினாமா செய்துவிடுங்கள், அதுதான் உங்களுக்கு நல்லது' என்றார்கள். மேலதிகாரி கேமராவைக்கூடப் போடாமல் பேசினார். அன்று சாயங்காலமே மெயில் திறக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குக்கூட ஊருக்கு வராமல் உழைத்தவன் நான். வழியனுப்பு விழாகூடக் கிடையாது. பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) வரவில்லை.

இப்போது நாகர்கோவிலில் இருக்கிறேன். மார்த்தாண்டத்தில் அக்கா வீட்டுக்குப் போவதென்றாலும் தக்கலை வழியாகப் போவதில்லை. திங்கள்சந்தை, கருங்கல் என்று சுற்றித்தான் பைக்கில் போகிறேன். தக்கலையில் அப்பாவின் கூட்டுக்காரர் சிப்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் மகனை வேலைக்கு எடுத்தது நான். போன வருடம் வந்த ஆட்குறைப்புப் பட்டியலில் அவன் பெயரும் இருந்தது, கூப்பிட்டுச் சொன்னதும் நான்தான். அது போகட்டும். கேமராவைக்கூடப் போடாமல் பேசியதை எப்படி மறப்பது? இத்தனை வருட உழைப்புக்கு இதுதானா மரியாதை? தூக்கமே வரமாட்டேன் என்கிறது.

— நாகர்கோவில் வாசகர்

தம்பி,

உங்களை அனுப்பிய விதம் தவறு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பணிக்கொடை வருடத்துக்கு 15 நாள் சம்பளக் கணக்கில் 30 நாளுக்குள் வர வேண்டும். உங்களுக்குத் தெரியாததில்லை, எழுதிக் கேளுங்கள். உங்களை மட்டும் குறிவைத்ததாகவும் நினைக்க வேண்டாம். 2022 நவம்பரில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா 11,000 பேருக்கு மேல் வேலையை விட்டு அனுப்பியபோது, அடுத்த வருடம் ஆளெடுப்பு குறையும் என்பதால் ஆளெடுக்கும் பிரிவுக்கே அடி அதிகம் என்று நிறுவனமே சொன்னது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'அது போகட்டும்' என்று எழுதினீர்களே, அது போகவில்லை. போயிருந்தால் கருங்கல் சுற்றிப் போக மாட்டீர்கள். கேமராவை இரண்டு முறை சொல்கிறீர்கள். அந்தப் பையனிடம் பேசியபோது உங்கள் கேமரா ஓடியதா? அதை எழுதவில்லையே.

பட்டியல் உங்களுடையது இல்லை, ஒப்புக்கொள்கிறேன். உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவும் மாட்டேன். ஆனால் அவன் கேட்டது உங்கள் குரலை. மேலதிகாரி மேல் உங்களுக்கு வரும் கோபத்தில் பாதி, உங்கள் மேலேயே இருக்கும் கோபம் என்றுதான் எனக்குப் படுகிறது. பெரிய விழா நடத்தி அனுப்பியிருந்தாலும் உங்களுக்குத் தூக்கம் வந்திருக்காது.

அந்தக் கடைக்குப் போங்கள். 'கம்பெனி எடுத்த முடிவு' என்று ஆரம்பிக்காதீர்கள். அதை அவர்கள் கேட்டாயிற்று. அவன் இப்போது என்ன செய்கிறான் என்று கேளுங்கள். திட்டினால் இருந்து கேளுங்கள். இன்னும் வேலை தேடுகிறான் என்றால் அவன் ரெஸ்யூமை உட்கார்ந்து திருத்திக் கொடுங்கள், தெரிந்த நாலு இடத்தில் பேசுங்கள். உங்களுக்குக் கைவந்த வேலைதானே. அப்புறமும் தூக்கம் வராவிட்டால் தள்ளிப்போடாதீர்கள், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.