வெனிஸ் போகிறீர்களா? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. வெனிஸ் ஒத்துவருமா அண்ணா?

ஒத்துவரும், ஆனால் தங்கும் இடத்தைப் பார்த்து எடுங்கள். ஊருக்குள் காரோ பஸ்ஸோ கிடையாது, நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படி ஏறித்தான் இறங்க வேண்டும். சாந்தா லூச்சியா ரயில் நிலையத்திலிருந்து இடதுபக்கம் நடந்தால் குல்யே பாலம் வரை படியே வராது, அந்தத் தெருவில் அறை பாருங்கள். சுற்றிப் பார்க்க வபொரெத்தோ, அதாவது தண்ணீர் பஸ். 1ஆம் எண் படகு பெரிய கால்வாய் முழுக்க நின்று நின்று போகும், இருபுறமும் பழைய மாளிகைகள், அம்மா உட்கார்ந்தபடியே பாதி ஊரைப் பார்த்துவிடலாம். ஏறும் முன் டிக்கெட்டை மெஷினில் காட்டுங்கள். காட்டாவிட்டால் கையில் டிக்கெட் இருந்தும் அபராதம்தான்.

கேள்வி: கோண்டோலா ஆளுக்கு எவ்வளவு?

ஆளுக்கு இல்லை, படகுக்கு. நகராட்சி வைத்த கட்டணம் பகலில் அரை மணிக்கு 90 யூரோ, இரவு 7 மணிக்கு மேல் 110. ஐந்து பேர் வரை ஏறலாம். நேரத்தையும் விலையையும் பேசிவிட்டு ஏறுங்கள். கால்வாயைக் கடக்க மட்டும் என்றால் திராகெத்தோ படகு, 2 யூரோ.

கேள்வி: ஷெங்கன் விசாவுக்கு வங்கிக் கணக்கில் எவ்வளவு காட்ட வேண்டும்?

என் துறை இல்லை. விண்ணப்ப மையத்தில் கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் இரண்டு பேர்தான், கோண்டோலா 45 யூரோவா?

90. படகுக்கு.

கேள்வி: ஊருக்குள் நுழையவே 5 யூரோ வாங்குகிறார்களாமே, பகல் கொள்ளை!
இன்னொருவர்: 5 போதாது, 50 வாங்கட்டும், கூட்டம் குறையும்.

கொள்ளை என்று சொல்லாதீர்கள். 2024 ஏப்ரலில் தொடங்கியது, கூட்டம் அதிகமுள்ள குறிப்பிட்ட நாட்களில் மட்டும், காலை 8.30 முதல் மாலை 4 வரை, பகலில் வந்து திரும்புகிறவர்களுக்கு. ஊரில் தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு, அதை இணையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். 2025இலிருந்து கடைசி நேரத்தில் கட்டினால் 10. 50 கேட்கிற தம்பி, அப்போது பணக்காரர் மட்டும் வருவார், அவ்வளவுதான். பழைய தீவு நகரத்தில் 1950களில் ஒன்றேமுக்கால் லட்சம் பேர் இருந்தார்கள், இன்று 50 ஆயிரம்கூட இல்லை. குடும்பங்கள் இருந்த வீடுகள் பயணிகளுக்கான அறைகளாகிவிட்டன, வாடகை கட்ட முடியாமல் பிள்ளைகள் எதிரே நிலப்பகுதியிலுள்ள மெஸ்த்ரேக்குப் போய்விட்டார்கள். நுழைவுக் கட்டணத்தை ஏற்றி இதைச் சரிசெய்ய முடியாது, வீடுகளை நாள் வாடகைக்கு விடுவதைத்தான் கட்டுப்படுத்த வேண்டும்.

முதலாமவர்: அப்படியானால் நாங்கள் அங்கே வீடு எடுத்துத் தங்குவதும் தப்பா?

முழு வீட்டை எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஓட்டலிலோ, வீட்டுக்காரரும் கூடவே இருக்கிற இடத்திலோ தங்குங்கள். இரண்டு இரவாவது இருங்கள். மாலையில் கூட்டம் ரயிலேறியதும் ஊரின் கிழக்கே உள்ள கஸ்தெல்லோ பக்கம் நடந்தால் ஊர்க்காரர்கள் பேசுவது காதில் விழும்.

கேள்வி: நவம்பரில் வெள்ளம் வருமா?

2019இல் கடல்மட்டம் 187 செ.மீ. வரை ஏறியது. 2020 அக்டோபரிலிருந்து மோசே எனும் வெள்ளத் தடுப்புக் கதவுகள், மொத்தம் 78, கடல்மட்டம் மிக உயரும் என்று தெரிந்தால் எழுப்புகிறார்கள். சான் மார்க்கோ சதுக்கம் தாழ்வானது, அங்கே தண்ணீர் தேங்க வாய்ப்புண்டு.

கேள்வி: கோண்டோலா விலை?

மேலே இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: அரை நாள்தான் இருக்கிறது. முரானோ தீவா, புரானோ தீவா?

புரானோ. ஃபொந்தமெந்தே நோவே படகுத்துறையிலிருந்து 12ஆம் எண் படகு. நேரம் மிஞ்சினால் பக்கத்திலேயே தொர்ச்செல்லோ தீவு, அங்கே பழைய பேராலயத்தின் மொசைக் சுவரை விட்டுவிடாதீர்கள்.