எலி விழுந்த வீடு

அன்புள்ள ஐயா,

போன வாரம் கோவையில் நண்பனோடு போகும்போது ஒரு பிளேக் மாரியம்மன் கோவிலைப் பார்த்தேன். நோய்க்கு மருந்து தேடாமல் கோவில் கட்டியிருக்கிறார்களே என்று சிரித்துக்கொண்டோம். அப்புறம் 2021இல் இருகூரில் ‘கொரோனா தேவி’க்குச் சிலை வைத்தது நினைவுக்கு வந்தது. நூறு வருடத்தில் நாம் எதையும் கற்றுக்கொள்ளவில்லையா?

ம.,
சூலூர்

அன்புள்ள ம.,

சிரித்ததில் தப்பில்லை. ஆனால் தேடியிருந்தால் மட்டும் மருந்து கிடைத்திருக்குமா? பிளேக்கை நம்பிக் குணப்படுத்தும் ஸ்ட்ரெப்டோமைசின் 1940களில்தான் வந்தது. தடுப்பூசி முன்பே இருந்தது. 1897இல் பம்பாயில் அதை உருவாக்கிய ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். ஆனால் 1902இல் பஞ்சாபின் முல்கோவாலில் கெட்டுப்போன ஒரு புட்டியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் வில்வாதத்தில் (டெட்டனஸில்) இறந்தார்கள். அதற்கு முன்பே புனேயில் சோல்ஜர்கள் வீடு புகுந்து சோதனை போட, அந்த ஆத்திரத்தில் பிளேக் அதிகாரி ராண்டையே ஊர்க்காரர்கள் சுட்டுக் கொன்றிருந்தார்கள். ஊசி என்றால் ஜனங்கள் ஓடியதை வெறும் அறியாமை என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

சரி, ஊசிக்குப் பயந்தவர்கள் சாமி கும்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தார்களா? எங்கள் அம்முச்சி (அம்மாவின் அம்மா) சின்ன வயதில் பிளேக்கைப் பார்த்தவர். “எலி விழுந்துச்சுன்னா சாமானைக் கட்டோணும்” என்பார். மோட்டுவளையிலிருந்து ஓர் எலி செத்து விழுந்தால் போதும், தொடையிடுக்கில் யாருக்கும் நெறி கட்டும்வரை காத்திருக்க மாட்டார்களாம். மாடு கன்றோடு தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்டத்தில் இருக்கும் குடிசைக்குப் போய்விடுவார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து கூரை ஓடுகளைப் பிரித்து, வெயில் விட்டு, சுண்ணாம்பு அடித்த பிறகுதான் ஊருக்குள் காலை வைப்பார்கள்.

காரணம் அவர்களுக்குத் தெரியாது. எலி செத்து உடம்பு ஆறியதும் அதிலிருந்த தெள்ளுப்பூச்சி அடுத்த சூடான உடம்பைத் தேடி மனிதன் மேல் ஏறும். 1898இல் கராச்சியில் சீமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைச் சோதித்துச் சொன்னபோது மற்ற மருத்துவர்கள் நம்பவில்லை. பல வருடம் கழித்துத்தான் ஒத்துக்கொண்டார்கள். அதுவரை எலிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பில் அவர்களைவிட அம்முச்சி தெளிவாக இருந்திருக்கிறார்!

தோட்டம் இருந்தவர்களுக்குச் சாளை இருந்தது. இல்லாதவர்கள் எங்கே போனார்கள் என்று அவரிடம் கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

சிறுவாணித் தண்ணீர் வந்த பிறகுதான் கோவையைவிட்டு பிளேக் போனது என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. குழாய்த் தண்ணீர் தடுத்தது வாந்திபேதியை. தெள்ளுப்பூச்சிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தத் தண்ணீரின் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. மலையிலிருந்து அதைக் கொண்டுவர முடியும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிக்கொண்டிருந்தவர் கோவைப் பத்திரிகைக்காரர் நரசிம்மலு நாயுடு. அவர் 1922இல் காலமானார். ஊருக்குத் தண்ணீர் வந்தது அதற்கும் சில வருடம் கழித்து. அதே மாதிரி ஈரோட்டில் பெரியார் நகராட்சித் தலைவராக இருந்தபோது காவிரித் தண்ணீருக்குத் திட்டம் போட்டார். அவரைப் பற்றி மற்றதெல்லாம் பேசுவோம், இந்தக் குழாயை மட்டும் விட்டுவிடுவோம்.

இருகூர்ச் சிலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதே 2021இல் எங்கள் பக்கத்தில் சாமி கும்பிட்டவர்கள்தான் தடுப்பூசிக்கும் வரிசையில் நின்றார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கிறது என்று அவர்கள் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

நீங்கள் சூலூர் என்பதால் ஒன்று கேட்கிறேன். உங்கள் சொந்தத்தில் யாராவது ஊருக்குள் வீடு இருந்தும் தோட்டத்திலேயே குடியிருக்கிறார்களா? எப்போது போனார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். எங்கள் பெரியப்பாரு வீடு அப்படி ஒரு பிளேக்கில் சாளைக்குப் போனதுதான். ஊருக்குள் இருந்த வீட்டுக்குத் திரும்பி வரவே இல்லை.